போர் தண்ணீரில் ஒரு குள்ள சிக்லிட்

ஆரணியில் போர் தண்ணீர் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருக்கும். நாரால் தேய்த்தால் போகாது. பிழிந்த எலுமிச்சை மூடியை வைத்து அழுத்தினால் சன்னமாகப் பொரிந்து கரையும். கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர் சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்குப் பஸ் ஏறுவதற்கு முன் இந்த வளையத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எந்த மீன் வாழும், எது ஒரு மாதத்தில் வயிறு ஒட்டிச் சாகும் என்பதில் பாதியை அந்த வளையமே தீர்மானித்துவிடுகிறது.

நான் சொல்வது பட்டுப் புடவைக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்தைத் தாண்டி ஆற்றங்கரையில் இருக்கும் ஆரணி. ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாக வரும் ஆரணி ஆறு இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு பொன்னேரிக்குப் போய், பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஆறு என்று சொன்னாலும் ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். மழைக்காலத்தில் ஓடும், பிறகு நிலத்தடியில் இறங்கிவிடும். அந்த நிலத்தடி நீரைத்தான் பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், மீஞ்சூர் கிணறுகளிலிருந்து பல பத்தாண்டுகள் சென்னை குடித்தது. மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததில் 1960களின் இறுதியிலேயே கடல்நீர் நிலத்துக்கடியில் உள்ளே ஏறத் தொடங்கிவிட்டது. அதனால் இந்த வட்டாரத்தில் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும், சில இடங்களில் தெருவுக்குத் தெருவும் மாறும். ஆற்றை ஒட்டிய கிணற்றில் சோறு வெள்ளையாக வேகும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போட்ட 200 அடி போரில் பருப்பு வேகாது. பருப்பு வேகாத தண்ணீரைக் கடினநீர் என்று வேதியியல் சொல்லும்.

இனி மீனுக்கு வருவோம். சிக்லிட் என்பது ஒரு மீன் இல்லை, ஒரு பெரிய குடும்பம். பெயர் சூட்டப்பட்ட இனங்களே சுமார் 1,700. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் இருக்கின்றன. வாய்க்குள் ஒரு தாடை, தொண்டைக்குள் இன்னொரு தாடை. முட்டையையும் குஞ்சையும் காக்கும் பிடிவாதம். தனக்கென்று ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவரை விரட்டும் குணம். இந்த மூன்றும் இந்தக் குடும்பத்தின் அடையாளங்கள். ஆரணியில் சிக்லிட்டைத் தின்னாதவர் யாரும் இருக்கமாட்டார்கள். வாரச் சந்தையில் கூறு கட்டி விற்கும் ஜிலேபிக் கெண்டை, அதாவது திலேப்பியா, அசல் ஆப்பிரிக்க சிக்லிட். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத ஏரியோ குட்டையோ நம் பக்கத்தில் அபூர்வம்.

கடைகளில் நிலைமை வேறு. "அண்ணே, சிக்லிட் இருக்கா?" என்று கேட்டால் மஞ்சளும் நீலமுமாகத் துள்ளும் ஒரு தொட்டியைக் காட்டி, "ஜோடி வேணுமா, அரை டஜனா தரவா?" என்பார். அவை கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள். பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்று வளர்ந்த கூட்டம். இரண்டு அங்குலத்தில் பார்க்க அழகு. நான்கைந்து அங்குலம் ஆனதும் நாலடி தொட்டி கேட்கும். இளம் செடிகளைக் கொய்யும், மண்ணைத் தோண்டி வேரைப் பிடுங்கும். ஆஸ்கரும் ஃபிளவர்ஹார்னும் செடித் தொட்டிப் பேச்சிலேயே வரக்கூடாதவை. ஏஞ்சலும் ஒரு சிக்லிட்தான் என்பது பலருக்குத் தெரியாது. எட்டணா அளவில் வாங்கும் ஏஞ்சல், துடுப்பையும் சேர்த்தால் ஓர் அடிக்கு மேல் உயரமுள்ள தொட்டியை எதிர்பார்க்கும் மீன்.

நம் வீடுகளில் ஷெல்ஃபிலோ டிவி ஸ்டாண்டிலோ வைக்கக்கூடியது இரண்டடி தொட்டி: நீளம் 24 அங்குலம், அகலமும் உயரமும் 12. கணக்குப்படி 56 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். சிப்காட் ஷிப்டுக்குப் போய்வரும் பையன்கள் நாலு பேர் தங்கும் வாடகை அறையில்கூட இதற்கு இடம் இருக்கும். இந்த 45 லிட்டரில் செடியும் வாழ வேண்டும், சிக்லிட்டும் வாழ வேண்டும் என்றால் தேர்வு மிகவும் சுருங்கிவிடும். அதை இன்னும் சுருக்குவது தண்ணீர்.

போர் தண்ணீரைச் சோதிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிலத்தடி நீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். அதனால் மோட்டார் போட்டுப் பிடித்தவுடன் பி.எச். பார்த்தால் 7 பக்கம் காட்டும். ஒரு நாள் திறந்து வைத்தால் வாயு வெளியேறும், பி.எச். 8ஐத் தாண்டவும் கூடும். அந்த வாயு போன பிறகுதான் சுண்ணாம்பும் பிரிந்து வாளியில் படிகிறது. ஆகவே 24 மணி நேரம் காற்றோட்டமாக வைத்த தண்ணீரைத்தான் அளக்க வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆனால் அது கரைந்திருக்கும் உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்லும். பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் மீட்டர் எண் ஏறினால் அதில் சமையல் உப்பின் பங்கும் இருக்கலாம். கடினத்தன்மைக்குத் தனியாகச் சொட்டுச் சோதனை இருக்கிறது, அதையும் செய்யுங்கள்.

இந்த பி.எச். விஷயத்தை நான் அழுத்திச் சொல்லக் காரணம் அம்மோனியா. மீனின் கழிவிலும் தின்னாமல் விட்ட தீவனத்திலும் அம்மோனியா பிறக்கிறது. தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும்: அதிகம் கெடுதல் செய்யாத அம்மோனியம், செவுளை அரிக்கும் அம்மோனியா. எந்த வடிவம் எவ்வளவு என்பதை வெப்பமும் பி.எச்.சும் முடிவு செய்கின்றன. 30 டிகிரி வெயில் காலத் தண்ணீரில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவம் இருக்கும். அதே வெப்பத்தில் பி.எச். 8 ஆனால் ஏழரை சதவீதம். அதே மீன், அதே தீவனம், ஒன்பது மடங்கு நஞ்சு. குளிர்தேசத்துப் புத்தகங்கள் கொஞ்சம் அம்மோனியா இருந்தால் பரவாயில்லை என்று எழுதியிருக்கும். சித்திரை மாதத்து ஆரணிக்கு அந்த வாக்கியம் பொருந்தாது. செடியை நட்டு, ஃபில்டரை ஓட்டி, நல்ல பாக்டீரியா குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் காலித் தொட்டியாக விட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர் சிக்லிட் பக்கம் வரவேண்டாம்.

நம் தண்ணீருக்கும் செடிக்கும் இரண்டடிக்கும் ஒத்து வரும் முதல் பெயராக நான் கிரிபென்சிஸைச் சொல்வேன். நைஜீரியாவின் கடலோர ஆறுகளிலிருந்து வந்தது. ஆண் 10 செ.மீ. வரை வளரும், பெண் 7 செ.மீ. சொந்த ஊரிலேயே மென்னீர் முதல் லேசான உவர்நீர் வரை பழகிய இனம். கடினநீருக்கு முகம் சுளிப்பதில்லை. ஒரு ஜோடி, ஒரே ஒரு ஜோடி. அவர்களுக்கு ஒரு குகை வேண்டும். கடையில் ரெசின் கோட்டை வாங்க வேண்டியதில்லை. நார் நீக்கி நன்றாகக் கொதிக்கவைத்த கொட்டாங்குச்சியின் விளிம்பில் விரல் நுழையும் அளவு வாசல் வெட்டி மணலில் கவிழ்த்தால் போதும். மண்ணைச் சற்றுத் தோண்டும், ஆனால் செடியைத் தின்னாது.

கிரிபென்சிஸில் பெண்தான் துணிச்சல்காரி. முட்டையிடத் தயாரானதும் வயிறு பழுத்த நாவல் நிறத்துக்குச் சிவக்கும். அந்த வயிறு தெரியும்படி உடலை வில்லாக வளைத்து ஆண் முன்னால் நடுங்கி நிற்கும். ஆண் ஏற்றுக்கொண்டால் கொட்டாங்குச்சிக்குள் கூட்டிப்போகும். பத்து நாள் கழித்து கொசுப்புழு அளவில் குஞ்சுகள் மணலுக்கு மேல் மேகமாக நகரும், அம்மா முன்னால், அப்பா பின்னால். அந்த நாளில் தொட்டியில் வேறு மீன் இருந்தால் அதன் நிலைமை பரிதாபம். மூலையில் ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும்.

இங்கே இன்னொரு விந்தை. மனிதரைப் போல் குரோமோசோம் மட்டுமே இந்தக் குஞ்சுகள் ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதில்லை. 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கிரிபென்சிஸ் உள்ளிட்ட சில மீன்களில் தண்ணீர் புளிப்பாக இருந்தால் ஆண் குஞ்சுகள் கூடுவதையும், பி.எச். ஏறினால் பெண் குஞ்சுகள் கூடுவதையும் காட்டியது. அமேசான் பக்கத்துக் குள்ள சிக்லிட்டுகளான அபிஸ்டோகிரம்மாக்களுக்கோ வெப்பமும் முக்கியம். உவே ரோமரும் பைசென்ஹெர்ட்ஸும் 1996இல் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களை வளர்த்துப் பார்த்து, சூடு கூடினால் ஆண்கள் கூடுகின்றன என்று எழுதினார்கள். இந்தக் கணக்குப்படி ஆரணியில் ஒரே கூடத்தில் இரண்டு தொட்டி வைத்தால், சுண்ணாம்புத் தண்ணீரில் கிரிபென்சிஸ் பெண்களாகப் பெற்றுத் தள்ளும், பக்கத்துத் தொட்டியில் கோடை ஈடு முழுவதும் அபிஸ்டோ ஆண்களாக நிற்கும். ஜோடி சேர்த்து விற்க நினைப்பவருக்கு இது தலைவலி. வேடிக்கை பார்ப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அபிஸ்டோ வைத்தே தீருவேன் என்பவர் ககடுவாய்டிஸ் இனத்தில் தொடங்கலாம்; அந்தக் கூட்டத்தில் ஓரளவு சகிப்புத்தன்மை உள்ளது அதுதான்.

எல்லோரும் கேட்பது ரேம். நீலப் பொட்டும் மஞ்சள் நெற்றியும் கறுப்பு முன்துடுப்புமாக, ஐந்து செ.மீ.க்குள் அவ்வளவு நிறத்தை அடக்கிய மீன் வேறில்லை. வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ புல்வெளிகளில் வாழ்வது. வெனிசுவேலாவில் அதைப் பிடித்துக் கொடுத்த மனுவேல் ராமிரெஸின் பெயரால் 1948இல் ராமிரெசி என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவில் இதை வளர்ப்பவர்கள் ஹீட்டருக்கு மின்சாரம் கட்டியே களைத்துப்போகிறார்கள், ஏனென்றால் 27இலிருந்து 30 டிகிரி வரை சூடு கேட்கும் மீன் இது. நமக்கு அந்தச் செலவு இல்லை, வருடத்தில் பத்து மாதம் சூரியனே பார்த்துக்கொள்கிறது. நம்மிடம் இல்லாதது மென்னீர். சுண்ணாம்புத் தண்ணீரில் ரேம் உடனே சாகாது. நிறம் மங்கி, தீவனத்தை வாயில் வாங்கித் துப்பி, மூலையில் நின்று, இரண்டு மாதத்தில் போய்விடும். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

ரேமுக்குத் தண்ணீரைத் தயாரிப்பது கஷ்டமான வேலை இல்லை, கூட்டல் கழித்தல்தான். போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு போர் தண்ணீருக்கு மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்தால் 100க்குப் பக்கத்தில் வந்துவிடும். ரேமுக்கு அது போதும். வாரம் 12 லிட்டர் மாற்றுவதானால் 9 லிட்டர் ஆர்.ஓ., 3 லிட்டர் போர். 20 லிட்டர் கேன் ஒன்று இரண்டு வாரத்துக்கு வரும். முழுக்க ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றும் தவறை மட்டும் செய்யாதீர்கள். தாதுவே இல்லாத தண்ணீரில் செடியும் வளராது, பி.எச்.சும் நிலையாக நிற்காது.

கேனுக்கு முன்பே நமக்கு மென்னீர் கொடுத்த ஒருவர் இருக்கிறார்: வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் 10 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர், அதாவது எட்டு வாரத்துக்கான தொட்டித் தண்ணீர். மாடியில் இறங்கும் முதல் மழை தூசியையும் காக்கை எச்சத்தையும் சுமந்து வரும். கும்மிடிப்பூண்டி ஆலைப் புகை அடிக்கும் திசையில் வீடு இருந்தால் இன்னும் கொஞ்சம் சுமந்து வரும். முதல் அரைமணி மழையை விட்டுவிட்டு, அடுத்து வருவதை மூடியுள்ள டிரம்மில் பிடிக்க வேண்டும். மூடி இல்லாவிட்டால் கொசுப் பண்ணை ஆகிவிடும். புதிய சிமென்ட் தளத்தில் விழுந்த மழைநீர் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டே இறங்கும் என்பதால் பிடித்த பிறகும் ஒரு சொட்டுச் சோதனை அவசியம்.

தண்ணீரைத் தொடவே மாட்டேன், போரில் வருவது வந்தபடி ஊற்றுவேன் என்கிற சோம்பேறிகளுக்கு (நான் அந்தக் கட்சி) டாங்கனிக்கா ஏரி ஒரு மீனை வைத்திருக்கிறது. அதன் தண்ணீர் பி.எச். 9ஐ ஒட்டியது. அடியில் காலி நத்தை ஓடுகள் குவிந்து கிடக்கும் இடங்களில் நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபேசியேட்டஸ் என்ற கோடு போட்ட மீன் வாழ்கிறது. வளர்ப்பவர்கள் மல்டி என்பார்கள். பெரிய ஆணே நாலரை செ.மீ.தான். சிக்லிட் குடும்பத்தின் மிகச் சிறிய மீன்களில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓடு. ஆபத்து வந்தால் உள்ளே, முட்டை உள்ளே, குஞ்சும் உள்ளே. ஆரணிக்காரருக்கு ஓடு இறக்குமதி செய்யும் வேலை இல்லை. அறுப்பு முடிந்த நெல்வயல் வரப்போரம் வெளிறிக் கிடக்கும் நத்தை ஓடுகளைப் பொறுக்கி, இரண்டு நாள் ஊறவைத்து, கொதிக்கவைத்துக் கழுவினால் மல்டிக்குக் கச்சிதமான வீடு. வயலில் அடித்த மருந்து ஒட்டியிருக்கும் என்பதால் பழைய, வெயிலில் காய்ந்த ஓடாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

மூன்று அங்குல மணல், பதினைந்து ஓடு, ஆறு மீன். ராத்திரி நேராக அடுக்கி வைத்த ஓடுகள் காலையில் மணலுக்குள் வாய் மட்டும் தெரியும்படி புதைந்திருக்கும். நகத்தளவு மீன் வாய் நிறைய மணலை அள்ளி, இரண்டு விரற்கடை தள்ளிப் போய்த் துப்பிவிட்டுத் திரும்பும். நாள் முழுக்க இதே வேலை. அதனால் வேர் விடும் செடிகளை இவற்றின் எல்லையில் நட முடியாது. அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் கல்லில் நூலால் கட்டிவிடலாம். பின்மூலையில் நாலு கல்லை அணைகொடுத்து வாலிஸ்நேரியா வைத்தால் கடினநீரில் அது ரிப்பனாக வளரும். மல்டிக்கு நம் ஊரில் உள்ள எதிரி கோடை. 27 டிகிரிக்குப் பழகிய மீனுக்கு மே மாதத்து 32 டிகிரி அதிகம். சூடேறிய தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவாகத்தான் கரையும். தண்ணீர்ப் பரப்பில் சின்ன ஃபேன் காற்றுப் பட்டால் ஆவியாதல் வழியாக ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த மட்டத்தை நிரப்ப மறுபடி போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், அங்கே மட்டும் ஆர்.ஓ. அல்லது மழைநீர். சோம்பேறிக்கும் கொஞ்சம் வேலை உண்டு.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் உடைத்த கல், விளிம்பு கூர்மை; வாயால் மணல் அள்ளும் சிக்லிட்டுக்கு ஆகாது. கடலோர மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும். ஒரு பிடி மணலில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் அதை மல்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ரேமுக்கு வேண்டாம்.

இவ்வளவு தூரம் ஆப்பிரிக்காவுக்கும் ஒரினோகோவுக்கும் போய்விட்டு வந்தோம், ஆரணி ஆறு முடிகிற இடத்தைப் பார்க்காமல். பழவேற்காட்டில் நம் சொந்த சிக்லிட் இருக்கிறது. இந்தியாவுக்கு என்று உள்ள சிக்லிட் இனங்கள் மூன்றே மூன்று. ஒன்று கர்நாடகத்தில் ஒடுங்கிய இனம். இன்னொன்று செத்தக்கெண்டை, மலையாளிகள் கரிமீன் என்று வாழையிலையில் பொரித்து, 2010இல் மாநில மீனாகவும் ஆக்கிக்கொண்டார்கள். மூன்றாவது, உள்ளங்கையில் அடங்கும் ஆரஞ்சுநிறச் செல்லக்காசு. கடைக்காரர்கள் ஆரஞ்சு குரோமைடு என்பார்கள். செத்தக்கெண்டைக்கு 1790இலும் செல்லக்காசுக்கு 1795இலும் அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லின் மருத்துவர் பிளாக். தரங்கம்பாடியில் இருந்த ஜான் பாதிரியார் தென்னிந்திய மீன்கள் பலவற்றை அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். சிக்லிட் என்று ஒரு குடும்பம் உண்டென்று அப்போது யாருக்கும் தெரியாததால், பிளாக் இரண்டையும் பவளப்பாறை வண்ணத்துப்பூச்சி மீன்களோடு சேர்த்துவிட்டார். இவற்றின் நெருங்கிய உறவினர் இன்று மடகாஸ்கரில் இருக்கிறார்கள். இரு நிலங்களும் ஒட்டியிருந்த காலத்திலேயே இந்த உறவு தொடங்கியதா, பிற்பாடு கடல் தாண்டிப் பரவியதா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது.

செல்லக்காசின் குடும்பப் பாசம் தனி அத்தியாயம் எழுதத் தக்கது. குஞ்சுகள் பெற்றோரின் உடம்பை உரசி, தோலில் சுரக்கும் சளியைத் தின்று வளர்கின்றன. டிஸ்கஸ் மீனுக்கு மட்டுமே உரியதென்று பலர் நினைக்கும் இந்த வழக்கத்தை 1960களிலேயே வார்டும் பார்லோவும் செல்லக்காசில் விரிவாகப் பதிவு செய்தார்கள். வார்டும் வைமனும் 1972இல் எழுதியது இன்னும் சுவை: செல்லக்காசு, செத்தக்கெண்டையின் உடலில் ஒட்டும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்கிறது. சந்தர்ப்பம் கிடைத்தால் அதே செத்தக்கெண்டையின் முட்டையையும் குஞ்சையும் விழுங்குகிறது.

போர் தண்ணீர், வெயில், லேசான உப்பு எல்லாவற்றுக்கும் பிறந்ததிலிருந்தே பழகிய இந்த மீனை ஏன் முதலில் சொல்லவில்லை? எட்டு செ.மீ. வளரும், கூட்டமாக வைத்தால்தான் நிம்மதியாக இருக்கும், தனி ஜோடியாக வைத்தால் பலமானது மற்றதைத் துரத்தும். ஐந்தாறு மீனுக்கு மூன்றடி தொட்டி, 100 லிட்டர் வேண்டும். இரண்டடிக்காரருக்கு இது கொஞ்சம் எட்டாத ஆசை. அந்த ஓரடியைக் கூட்ட முடிந்தவர் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை வாங்குவதே சரி என்பது என் கட்சி. இலங்கையிலிருந்து வரும் கிரிப்டோகோரைன் வெண்டியை நட்டு, வாலிஸ்நேரியாவைப் பின்னால் வைத்தால், நம் கோடையைத் தாங்கும் தொட்டி கிடைக்கும். கிரிப்டோகோரைன் புதுத் தண்ணீருக்கு வந்ததும் இலையெல்லாம் கூழாகிக் கொட்டும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மீனைப் பண்ணையில் குஞ்சு பொரித்ததாகப் பார்த்து வாங்குங்கள். பழவேற்காடு பறவைகள் சரணாலயம், வலையும் வாளியுமாக அங்கே போய் நிற்பது வேண்டாத வம்பு.

சிக்லிட் ஜோடி சேர்ந்துவிட்டால் பிறகு குறை குஞ்சு இல்லை என்பது அல்ல, குஞ்சு அதிகம் என்பதுதான். ஓர் ஈட்டில் கிரிபென்சிஸ் நூறு வரை போடும். மூன்றாவது ஈட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்து முடிந்து, பெரியபாளையம் போகும் வழியில் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி பையைக் கவிழ்க்கலாமா என்று கை அரிக்கும். ஜிலேபிக் கெண்டையும் இப்படி யாரோ கொண்டுவந்து விட்டதுதான்; இன்று அது பழவேற்காடு வரை போய் நம் செல்லக்காசின் இடத்தையும் தீனியையும் பங்கு கேட்கிறது. குஞ்சு இரண்டு செ.மீ. ஆனதும் ஆக்ஸிஜன் நிரப்பிய பையில் போட்டுக் கடைக்கே கொண்டுபோனால், பணமாகத் தராவிட்டாலும் ஒரு டப்பா தீவனமோ இரண்டு கட்டு செடியோ மாற்றிக் கொடுப்பார்கள். அதற்கும் வழியில்லாத மாதத்தில் கொட்டாங்குச்சியை எடுத்துவிடுங்கள். குகை இல்லாவிட்டால் கிரிபென்சிஸ் பெரும்பாலும் முட்டையிடுவதைத் தள்ளிப்போடும்.